ஜோடி வீட்டுச் செருப்பு

வேலூரில் என் முதல் கோபம் பாணோடுதான். ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் ஒரு கடையில் பாணை பிரெட் என்று கேட்டு வாங்கினேன். வாயில் வைத்தால் கேக் மாதிரி இனிக்கிறது. மன்னாரில் பேக்கரி நடத்துகிறவள் நான். விடியமுன் எழும்பி மா பிசைந்து பிசைந்தே தோள்மூட்டு தேய்ந்துபோனவள். பாணுக்குச் சீனி அள்ளிக் கொட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. "இது நோயாளிக்கோ, பிறந்தநாளுக்கோ?" என்று கடைக்காரரைக் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சிலோனாம்மா?" என்றார். "டீல தொட்டுச் சாப்பிடுங்க. சரியாப் போய்டும்."

என் மனுசன் சேவியர் சிரித்தார். அவர் எதற்கும் சிரிப்பார். வீட்டில் இரண்டு பேரும் கோபக்காரராக இருந்தால் அடுப்பு எரியாது என்று கடவுள் நினைத்திருக்க வேண்டும்.

அவருடைய காலுக்காகத்தான் வந்திருந்தோம். முழங்காலுக்குக் கீழே வலது கால் இல்லை. ஊரில் ஒரு பொய்க்கால் கொடுத்தார்கள். அது உரசி உரசிப் புண்ணாக்கியதால் கழற்றி எறிந்துவிட்டார். இப்போது அது பேக்கரியில் மா மூட்டைகளுக்குப் பின்னால் நிற்கிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதைக் கண்டு ஒருமுறை துள்ளுவார்கள். அதற்குப் பிறகு இரண்டு ஊன்றுகோல்கள்தான் அவருக்குக் கால். செருப்பு வாங்கப் போனால் எந்தக் கடைக்காரனும் ஒற்றை தரமாட்டான். இடதைப் போடுவார், தேய்ப்பார். வலது புதுக்கருக்கு மாறாமல் கட்டிலுக்குக் கீழே போகும். அங்கே வரிசையாகக் கிடக்கும் வலது செருப்புகளை எறிய எனக்கு மனம் வந்ததில்லை. கூட்டும்போது ஒவ்வொன்றாக எடுத்துத் தூசி தட்டித் திரும்ப வைப்பேன்.

நாங்கள் தங்கிய லாட்ஜில் பொதுச் சமையலறை. பாதிப் பேர் வங்காளத்திலிருந்து வந்த நோயாளிகளின் ஆட்கள். கடுகெண்ணெய்ப் புகையில் கண் எரியும். நான் மாசிக் கருவாடு போட்டுச் சம்பல் இடித்த அன்று இரண்டு வங்காளப் பெண்கள் என்னைப் பார்த்துப் பார்த்துத் தங்களுக்குள் வாக்குவாதப்பட்டார்கள். நாற்றம் தாங்கவில்லை என்று சொல்கிறார்களாக்கும் என்று நானும் சண்டைக்குத் தயாராகிவிட்டேன். லாட்ஜ் மேலாளர் வந்து விளக்கினார். "அதுல கொஞ்சம் கேட்டு வாங்கணுமாம். நீ கேளு, நீ கேளுன்னு அடிச்சிக்கிறாங்க." கொடுத்தேன். மறுநாள் எங்கள் கதவடியில் ஒரு கிண்ணம் மீன் குழம்பு இருந்தது. எங்கள் ஊர்க் குழம்புக்குக் கிட்ட வராது. ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அளவெடுத்தார்கள். கால் செய்து முடிய அடுத்த கிழமை ஆகும் என்றார்கள். வெளியே வந்ததும் சேவியர் ஊன்றுகோலை ஊன்றி நின்று, வீதியைப் பார்த்தபடி சொன்னார்: "சும்மா இஞ்ச இருந்து என்ன செய்யிறது, ஜெசி. ஆம்பூருக்கு ஒருக்காப் போய் வருவமே?"

எனக்குத் தெரியும், இந்தப் பேச்சு வரும் என்று. விசா எடுத்த நாளிலிருந்தே அது அவர் வாய்க்குள் இருந்தது. ஆம்பூரில் அவருடைய தம்பி தாஸ் இருக்கிறான்.

சண்டை முடிந்து ஊர் திரும்பியபோது எங்கள் தோட்டக் காணி பற்றைக்காடாகக் கிடந்தது. கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் ஒரு பக்கத்தை முடித்திருந்தார்கள். கிணற்றுப் பக்கம் இன்னும் முடியவில்லை என்று கயிறு கட்டியிருந்தது. தாஸ் முன்னுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "மாடுகள் அதுக்குள்ளாலதான் போய் வருதுகள் அண்ணை. ஒண்டுமில்லை, வாங்கோ" என்றான். கயிற்றைத் தூக்கிப் பிடித்தவனும் அவன்தான். அண்ணன் குனிந்து உள்ளே போனார். பிறகு நடந்ததை நான் எழுதப் போவதில்லை.

அன்று எங்கள் ஊர் ஆஸ்பத்திரி விறாந்தையில் அவனைப் பார்த்து, இனி என் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்றேன். அவன் மிதிக்கவில்லை. இந்தியாவுக்கு வந்துவிட்டான். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்த்து, பிறகு அங்கேயே ஒரு சமாதான இல்லத்தில் சேர்ந்துவிட்டான். அண்ணனும் தம்பியும் தொலைபேசியில் கதைப்பது எனக்குத் தெரியும். பேக்கரியின் பின்பக்கம் விறகு அடுக்கிய இடத்தில் நின்று சேவியர் மெல்லக் கதைப்பார். நான் பாண் சுடும் போறணையின் கதவைப் படாரென்று சாத்துவேன். வீடு என் சீதன வீடு. என் அப்பா எனக்கு எழுதித் தந்தது. அதனால் தாஸ் ஊருக்கு வரலாமா, கூடாதா என்பது கடைசியில் என் வாயில்தான் இருந்தது. தம்பி ஊருக்கு வர ஆசைப்படுகிறான் என்று சேவியர் போன கிறிஸ்மஸுக்குத்தான் முதல்முறை வாய்விட்டுச் சொன்னார். நான் எழும்பிப் போறணைப் பக்கம் போய்விட்டேன்.

"போவம்" என்றேன். அவர் கண்ணைப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

திருப்பத்தூர் பஸ்ஸில் ஏறினோம். எங்கள் ஊர் பஸ்ஸில் மாதாவும் பிள்ளையாரும் புத்தரும் ஒரே கண்ணாடியில் இருப்பார்கள். இங்கே சாரதிக்கு முன்னால் ஒரு முருகன், ஒரு மெக்கா படம், பேருக்கு ஒரு எலுமிச்சம்பழம். பக்கத்தில் பாலாறு கூடவே வந்தது. ஆறு என்கிறார்கள், எனக்குத் தெரிந்தது மணல்தான். எங்களுக்குப் பின்னால் புர்கா போட்ட இரண்டு பெண்கள் சேவியரைப் பார்த்து உருதுவில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சுள்ளென்றது. பக்கத்தில் இருந்த நர்ஸ் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு மொழிபெயர்த்தாள். "தப்பா ஒண்ணும் சொல்லலம்மா. இந்த மனுசனுக்குக் கால்தான் கம்மி, சிரிப்பு ஜாஸ்தின்றாங்க." சேவியர் திரும்பி அவர்களுக்கு இன்னொரு சிரிப்பு கொடுத்தார்.

அந்தச் சிரிப்பும் பராக்கும்தான் எங்களைக் கவிழ்த்தது. ஆம்பூரில் நடத்துநர் அவசரப்படுத்தினார். நான் பைகளை இறக்கினேன், சேவியரை இறக்கினேன், தண்ணீர்ப் போத்தலைக்கூட மறக்கவில்லை. பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு போன பிறகு பார்த்தால் அவர் கையில் ஒரே ஒரு ஊன்றுகோல். மற்றது மேல்தட்டில் படுத்தபடி திருப்பத்தூருக்குப் போய்க்கொண்டிருந்தது.

நான் தலையில் கை வைத்து நிற்க, "அண்ணை" என்று ஒரு குரல். தாஸ். தலை நரைத்திருந்தது. முன்பைவிட மெலிவு. அவன் என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அண்ணனின் வலது பக்கத்துக்கு வந்து, ஊன்றுகோல் இருக்க வேண்டிய இடத்தில் தன் தோளைக் கொடுத்தான். சேவியர் அதில் சாய்ந்தார். இரண்டு பேரும் ஒரே சாயல். பின்னால் பைகளோடு நடந்த எனக்கு எரிச்சலாக இருந்தது, ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. பஸ் நிலைய டீக்கடைக்காரர், கண்டக்டர் தனக்குத் தெரிந்தவர்தான் என்று அவருக்குப் போன் போட்டார். "எங்கயும் போவாதும்மா. திரும்புற வண்டில வந்துரும்" என்றார்.

ஷேர் ஆட்டோக்காரரிடம் தாஸ் இல்லத்தின் பெயரைச் சொல்லவில்லை. "ஜோடி வீடு" என்றான். ஆட்டோக்காரர் தலையாட்டினார். மலைப் பக்கம் போகிற வழியில், மூடிப்போன ஒரு சின்ன டேனரி. அந்தக் கொட்டகையைத்தான் இல்லமாக்கியிருந்தார்கள். பழைய தோல் வாசனை சுவரிலேயே ஊறியிருந்தது. வாசலில் ஒரு கம்பியில் செருப்புகள் இரண்டிரண்டாகக் கட்டித் தொங்கின. என் கண்ணுக்கு ஏதோ பிழையாகப் பட்டது. கிட்டப் போய்ப் பார்த்தேன். எல்லாம் ஒரே கால். ஒரு சோடியில் இரண்டும் வலது, இன்னொன்றில் இரண்டும் இடது.

"வாங்கம்மா. பஸ்ல ரொம்ப பேஜாராப் போச்சா?" என்றபடி ஒரு பெண் வந்தார். ஷமீம் ஆபா. ஆபா என்றால் அக்கா. ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசராக இருந்தவர். அந்த மிடுக்கு இன்னும் நடையில் இருந்தது. இல்லத்தை நடத்துவது அவர்தான். ஒருவரோடு ஒருவர் முகம் பார்க்காதவர்கள் இங்கே வந்து தங்குகிறார்கள். சிலர் ஒரு மாதம், சிலர் திரும்பிப் போவதே இல்லை. உபதேசம் கிடையாது. காலையில் கொஞ்ச நேரம் எல்லோரும் சும்மா உட்காருகிறார்கள், அவரவர் சாமியை அவரவர் மனதுக்குள் கூப்பிடலாம். பிறகு வேலை.

வேலைதான் வினோதம். பிணங்கிய இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சோடி செருப்பு செய்ய வேண்டும். ஆளுக்கு ஒரு கால். இரண்டு பேருக்கும் தெரிந்த ஒருவரின் அளவில் ஒரே ஒரு அட்டை வெட்டித் தருவார்கள். அட்டையை இப்படி வைத்தால் இடது, புரட்டி வைத்தால் வலது. யார் எந்தக் கால் என்று ஷமீம் ஆபா சொல்லமாட்டார். அதை அவர்களே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"அப்ப கேக்காட்டி?" என்றேன்.

கொட்டகை ஓரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஒருவர் கத்தியால் வாசல் கம்பியைக் காட்டினார். "கேக்கலன்னா அங்க தொங்கும். அந்த மொதோ ஜோடி எங்களுது. நானும் கேக்கல, பாயும் கேக்கல. ரெண்டும் வலது."

அவர் விநாயகம். பாலாற்றங்கரையில் விவசாயி. பாய் என்று அவர் சொன்னது இக்பால் பாயை. ஒரு காலத்தில் ஏதோ ஒரு டேனரியில் மேனேஜர். அந்த டேனரியின் கழிவு விநாயகத்தின் கிணற்றில் இறங்கி, தண்ணீர் உப்பாகி, தென்னைகள் ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தன. இருவரும் இப்போது இந்த வீட்டின் சமையல்காரர்கள். அன்று மத்தியானம் ஆம்பூர் பிரியாணி. சீரகச் சம்பா அரிசி, கத்திரிக்காய், வெங்காயப் பச்சடி. எங்கள் ஊர் புரியாணி போல மஞ்சளாக, முந்திரிகை மினுங்கிக்கொண்டு இராது. பார்வைக்குச் சாது. வாயில் வைத்த பிறகு இரண்டாம் முறை கேட்க வெட்கமாக இருந்ததால் சேவியரின் தட்டை நீட்டி வாங்கினேன். பாய் எல்லாம் செய்தார், உப்பு மட்டும் விநாயகம் போட்டார். ஏன் என்று கேட்டேன்.

"இவர் போட்ட உப்பு போதும்மா" என்றார் விநாயகம்.

இக்பால் பாய் தலை நிமிராமல் பாத்திரத்தின் மூடியில் நெருப்புக் கரி அள்ளி வைத்தார். "தெனமும் சொல்லுவான். சொல்லட்டும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து விநாயகம் அவருடைய நெற்றி வேர்வையைத் தன் துண்டால் துடைத்துவிட்டார்.

சாப்பாடு முடிந்ததும் ஷமீம் ஆபா ஓர் அட்டையும் பென்சிலும் கொண்டுவந்தார். எனக்கு விளங்கிவிட்டது. "நான் விருந்தாளி" என்றேன்.

"இங்க துண்ணவங்கல்லாம் வேல செய்யணும்மா. சட்டம்."

"நான் அவனோட கதைக்கமாட்டன்."

"பேசச் சொல்லலியே நானு. செருப்புதான் செய்யச் சொல்றேன்." அவர் சேவியரின் முன்னால் குந்தி, அவருடைய காலை அட்டையில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டார். இருந்த ஒரே கால், இடது. கூசியது போல, சேவியர் நெளிந்து சிரித்தார். தாஸ் வாசல் நிலையில் சாய்ந்து அந்தப் பென்சில் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்று பின்னேரம் திருப்பத்தூர் போன ஊன்றுகோல் திரும்பி வந்தது. டீக்கடைக்காரரின் சைக்கிளில், துணி சுற்றி, மணப்பெண் மாதிரி வந்தது. வாணியம்பாடியில் யாரோ அதன் அடியில் தேய்ந்த ரப்பரை மாற்றிப் புதிது போட்டிருந்தார்கள். யார் என்று கடைசி வரை தெரியவில்லை. எங்கள் ஊரில் ஒரு குடையை பஸ்ஸில் விட்டால் அது போனதுதான்.

கால் முடியும் வரை இங்கேயே நிற்போம் என்று சேவியர் சொல்லிவிட்டதால், மறுநாள் நானும் அட்டையோடு உட்கார்ந்தேன். கொட்டகையின் இந்த மூலை எனக்கு, அந்த மூலை தாஸுக்கு. இடையில் சும்மா கிடந்த ஒரு பெரிய மர உருளை, முன்பு தோல் ஊறப்போட்டுச் சுழற்றியது. முதலில் எனக்கு அட்டை, எனக்குப் பிறகு அவனுக்கு. அதை ஷமீம் ஆபாதான் கொண்டுபோனார். எந்தக் கால் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்க ஏன் வேண்டும்? அவனுக்கே தெரிய வேண்டும். நான் நினைத்தது இதுதான்: வலதைக் கெடுத்தவன் அவன். வலதை அவனே செய்யட்டும். இவ்வளவு காலமும் சேவியரின் இடது காலைப் பார்த்துக்கொண்டவள் நான், இடது என்னுடையது.

தோல் லேசில் மசியாது. மா என்றால் தண்ணீர் கொஞ்சம் கூட்டினால் வழிக்கு வரும். தோலுக்குக் கை வலிமை மட்டும் போதாது, கத்தியைச் சாய்க்கும் விதம் தெரிய வேண்டும். அடித்தோல் வெட்டும்போது இரண்டு தடவை விரலைக் கீறிக்கொண்டேன். ஷமீம் ஆபா வந்து என் முழங்கையைப் பிடித்துத் திருப்பிவிட்டுப் போவார். வார் வைத்துத் தைக்கும்போது ஊசி ஏறாமல் வாய்க்கு வந்தபடி திட்டினேன். மன்னார்த் தமிழில்தான் திட்டினேன். அந்த மூலையிலிருந்து தாஸ் எழுந்து வந்து ஒரு மெழுகுக் கட்டியை என் பலகையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனான். நூலில் மெழுகு பூசியதும் ஊசி இலகுவாக ஏறியது. நன்றி சொல்லவில்லை. ஆனால் திட்டுவதை நிறுத்தினேன்.

அந்த நாட்களில் சேவியருக்குக் கொண்டாட்டம். இக்பால் பாயோடு கேரம் விளையாடினார். விநாயகத்தின் கதைகளுக்குக் காது கொடுத்தார். பின்னேரங்களில் தம்பியோடு மலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். இப்போது மறைந்து நின்று கதைக்கத் தேவையில்லை. தூரத்தில் இருந்து பார்க்கும்போது, எங்கள் பேக்கரி விறகுக் குவியலுக்குப் பின்னால் இவர் எவ்வளவு காலம் களவாகக் கதைத்தார் என்று நினைத்தேன். சொந்தத் தம்பியோடு கதைக்க ஒரு மனுசன் விறகுக்குப் பின்னால் நின்றிருக்கிறார்.

வேலூருக்குத் திரும்புவதற்கு முதல் நாள், செருப்பை மேசையில் வைக்கச் சொன்னார்கள். அது இந்த வீட்டு வழக்கம். எல்லோரும் சுற்றி நிற்பார்கள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். நான் துணியில் சுற்றிக் கொண்டுபோனேன். கொஞ்சம் கோணல்தான், ஆனாலும் செருப்பு என்று சொல்லலாம். தாஸ் ஒரு பழைய பத்திரிகையில் சுற்றிக் கொண்டுவந்தான். வைத்தோம்.

இரண்டும் இடது.

விநாயகம் மட்டும் "கம்பில எடம் இருக்கு" என்று மெல்ல முணுமுணுத்தார். பாய் அவரை முழங்கையால் இடித்தார்.

எனக்குக் கோபம் பொங்கியது. வலதைச் செய்யக்கூட இவனுக்கு மனமில்லையா? வாய் தன்பாட்டில் திறந்துவிட்டது. "உன்ர பங்கு வலதுதானே. ஏன் செய்யேல்லை?"

இவ்வளவு வருசத்துக்குப் பிறகு நான் அவனோடு பேசிய முதல் பேச்சு அது. தாஸ் மேசையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அட்டையைப் புரட்டி வைச்சனான் அண்ணி. மூண்டு தரம் வைச்சுப் பாத்தன். வலதை வெட்டக் கை வரேல்லை." கையை விரித்துப் பார்த்தான். "அந்தக் காலுக்கு நான் என்னெண்டு செருப்புத் தைக்கிறது? கயித்தைத் தூக்கினது இந்தக் கைதானே. நீங்கள் வலதைச் செய்வியள் எண்டு நினைச்சன். நீங்கள்தான் அதைச் செய்ய வேணும் எண்டு நினைச்சன்."

நான் வலதை அவன் தலையில் தண்டனையாகப் போட்டேன். அவனோ அதைத் தொடவே தனக்குத் தகுதியில்லை என்று எனக்கு விட்டு வைத்திருந்தான். நான் கோபத்தைச் சுமந்தேன் என்றால் அவன் அந்தக் காலையே சுமந்துகொண்டு திரிந்திருக்கிறான். இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். மேசையில் கிடந்த அந்த இடது செருப்பைப் பார்த்தபோது நம்பினேன். அவ்வளவு நுணுக்கமாகத் தைத்திருந்தான், ஒரு தையல் விலகியிருக்கவில்லை.

அழுகை வந்தது. அழுதேன், என்ன வெட்கம்.

சேவியர் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு மேசையடிக்கு வந்தார். இரண்டு செருப்பையும் தூக்கிப் பார்த்தார். "நல்ல ஆக்கள்தான் ரெண்டு பேரும்" என்றார். "நாளைக்குப் புதுக் கால் வருது. அது வெறுங்காலாவே நடக்கிறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலுக்காகவே கடல் கடந்து வந்தவள் நான். அளவெடுக்கும்போது பக்கத்தில் நின்றவள் நான். அந்தப் புதுக் காலுக்கும் ஒரு செருப்பு வேண்டும் என்று எனக்கு ஒரு கணமும் தோன்றவில்லை. ஷமீம் ஆபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். தாஸும் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நான் அட்டையை எடுத்துப் புரட்டினேன். தோலின் மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன்.

"நான் பிடிக்கிறன்" என்றேன். "நீ வெட்டு."

கத்தியை எடுக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் கையை எடுக்கவில்லை. அவன் வெட்டினான். தையலில் பாதி நான், பாதி அவன். எந்த இடத்தில் நான் நிறுத்தி அவன் தொடங்கினான் என்பது யாருக்கும் தெரியும், என் பக்கம் அவ்வளவு கோணல்.

மறுநாள் தாஸும் எங்களோடு வேலூருக்கு வந்தான். பஸ்ஸில் ஊன்றுகோல் இரண்டையும் தன் மடியிலேயே வைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே சேவியரை நிற்க வைத்தார்கள். புதுக் காலில் நாங்கள் செய்த வலது, சொந்தக் காலில் இடது. ஒரு எட்டு வைத்தார், நின்றார், என்னைப் பார்த்தார். இன்னொரு எட்டு. வேர்த்துக் கொட்டியது. அந்தப் பக்கத்து முனையில் தாஸ் நின்றான். கம்பி முடிந்ததும் அவர் போய்ப் பிடித்தது அவன் தோளைத்தான். எனக்கு அதில் ஒரு பொறாமையும் வரவில்லை. சொல்லப்போனால், கொஞ்சம் வந்தது.

நடைப் பயிற்சி எல்லாம் முடிந்து ஊர் திரும்பும் நாளில், காட்பாடி நிலையத்துக்கும் தாஸ் வந்தான். ரயில் பிந்தியது. பிளாட்பாரத்தில் மூன்று பேரும் ஒரு மரவாங்கில் உட்கார்ந்திருந்தோம். சேவியர் டீ வாங்கி வருகிறேன் என்று எழும்பினார். இரண்டு பேரும் சேர்ந்து எழப் பார்த்தோம். கையால் எங்களை அமர்த்திவிட்டு, ஒரு ஊன்றுகோலோடு தானே நடந்து போனார்.

தாஸ் தன் பையிலிருந்து மிஞ்சிய அந்த இடது செருப்பை எடுத்தான். அவர் காலில் இருந்தது அவன் செய்தது, இது என்னுடையது. "அண்ணி, இதுக்கும் ஒரு வலது தைச்சுத் தரட்டே? தோல் கொண்டு வந்திருக்கிறன். ரயில் வாறதுக்குள்ள முடிச்சிடலாம்."

"வேண்டாம்" என்றேன்.

அவன் முகம் விழுந்துவிட்டது. சரி என்று தலையாட்டி, தோலைத் திரும்ப மடித்துப் பைக்குள் வைத்தான். என்னிடம் வேறு எதையோ கேட்க நினைத்துத்தான் அதைக் கேட்டான் என்பது எனக்குத் தெரியாதா? அவன் கையிலிருந்த செருப்பை வாங்கி என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"வீட்டில கட்டிலுக்குக் கீழ வலது செருப்பு நிறையக் கிடக்கு" என்றேன். "ஒண்டும் இதுக்குச் சோடி சேராது. அவசரப்படாம, ஆறுதலா நல்லதா ஒண்டு செய். செய்துபோட்டு நீயே கொண்டு வா."

அவன் என்னைப் பார்த்தான். "எங்க கொண்டு வாறது அண்ணி?"

"இதென்ன கேள்வி? வீட்டுக்குத்தான்."

சேவியர் டீயை ஏந்தியபடி வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் ஒரே ஒரு கப். அதற்கு மேல் கொண்டுவர அவருக்குக் கை இல்லை. தம்பி எழுந்து ஓடவில்லை. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அப்படியே இருந்தான். அவர் எங்கள் முன்னால் வந்து நின்று, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டீயை அவனிடம் நீட்டினார்.

"மூண்டு பேரும் இதிலயே குடிப்பம்" என்றார். அந்த டீயிலும் சீனி கூடுதல்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.